சில்லு பொருந்தியது, சென்சர் பொருந்தவில்லை: புரோகிராம் பண்ணுகிற ரயர்க் காற்றுச் சென்சரும் கைக்கருவியும் வாங்கிப் பாவித்த அனுபவம்

போன வருசம் காரை மாற்றினேன். அதே கொம்பனி, அதே மொடல், எட்டு வருசம் பிந்தினது, அவ்வளவுதான். கொம்பனிப் பெயரைச் சொன்னால் அதன் பக்தர்கள் சண்டைக்கு வருவார்கள், விடுவோம். பழைய காருக்கு வாங்கிய வின்ரர் ரயர் நாலும் ரிம்மோடு, முழுச் சில்லாகவே கராஜில் கிடந்தன, ரயர் பெரிதாகத் தேயவும் இல்லை. ஐந்து நட்டு, அவை நிற்கிற வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீற்றர், நடு ஓட்டை, ரயர் அளவு எல்லாம் புதுக் காரோடு ஒத்துப்போனது. மச்சான் அளந்து பார்த்துவிட்டு "அப்படியே பூட்டலாம், ஒரு பிரச்சினையும் இல்லை" என்றான். இரும்பைப் பொறுத்தவரை அவன் சொன்னது முழுக்கச் சரி.

நவம்பர் கடைசியில் ரொறன்ரோ ஸ்காபரோவில் ஒரு கடையில் மாற்றினேன். காரை எடுத்து வெளியே வந்ததுமே குதிரை லாடம் மாதிரி வளைவுக்குள் ஆச்சரியக்குறி போட்ட அந்த மஞ்சள் வெளிச்சம் மின்னத் தொடங்கிவிட்டது. திரும்பிப் போய்க் கேட்டால் கடைக்காரத் தம்பி, "இருபது நிமிசம் ஓடுங்கோ அண்ணை, தானாப் பிடிக்கும்" என்றான். 401 நெடுஞ்சாலையில் ஏறி ஏஜக்ஸ் வரை போய்த் திரும்பினேன். பிடிக்கவில்லை. அவன் சொன்னதும் முழுப் பொய் இல்லை, சில கொம்பனிக் கார்கள், ரயருக்குள் இருந்து காற்றழுத்தத்தைச் சொல்லுகிற சென்சர் புதிதாக வந்தால் அதை ஓட ஓடத் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். என்னுடையது அந்த இனம் இல்லை.

இந்த வெளிச்சத்துக்கு இரண்டு பாஷை உண்டு, அதைத் தெரிந்துவைத்தால் பாதிக் குழப்பம் தீரும். காரை ஸ்டார்ட் பண்ணியதும் மின்னாமல் நேரே எரிந்து நின்றால் ஏதோ ஒரு ரயரில் காற்றுக் குறைவு. ஒரு நிமிசம் ஒன்றரை நிமிசம் மின்னி, அப்புறம் நின்று எரிந்தால் காற்றில் பிழை இல்லை, சென்சர் பேசுவது காருக்குக் கேட்கவில்லை என்று அர்த்தம். எனக்கு வந்தது இரண்டாவது. அப்படியே விட்டுவிட்டு ஓடலாமே என்று பலர் சொல்வார்கள். கனடாவில் இந்தச் சென்சர் கட்டாயமே இல்லை, சட்டம் அமெரிக்காவினுடையது. ஃபயர்ஸ்டோன் கொம்பனி ரயர்கள் ஓடும்போதே பிய்ந்து விபத்தான பிரச்சினைக்குப் பிறகு 2000-இல் சட்டம் கொண்டுவந்தார்கள், 2007 செப்டெம்பரிலிருந்து அங்கே விற்கிற புதுக் கார் எல்லாவற்றுக்கும் வேண்டும் என்றாகிவிட்டது. ஆனால் எரிந்துகொண்டே இருக்கும் வெளிச்சம், உண்மையாகவே ஆணி ஏறிக் காற்றுப் போகிற அன்றைக்கு எதைச் சொல்லப்போகிறது? எங்கள் ஊர்க் குளிரும் சும்மா விடாது. கிட்டத்தட்ட ஐந்தரைப் பாகை குறைந்தால் ரயரில் ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறையும். 20 பாகைக் கராஜில் 33 அடித்த ரயர் மைனஸ் 15-இல் 27-க்கு வந்து நிற்கும். அமெரிக்க விதிப்படி 25 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் வரவேண்டும், அதாவது 25 அளவில். எல்லை எவ்வளவு கிட்டே என்று பாருங்கள்.

சரி, ஏன் கேட்கவில்லை? பழைய சில்லுக்குள் இருந்த சென்சர்கள் 315 மெகாஹேர்ட்ஸில் அனுப்புகின்றன, புதுக் கார் 433-இல் காதை வைத்துக்கொண்டு இருக்கிறது. 101.3-இல் போகிற தமிழ் நிகழ்ச்சியை வேறு எண்ணில் திருப்பி வைத்துக் கேட்கிற மாதிரி, எவ்வளவு சத்தம் கூட்டினாலும் இரைச்சல்தான். வட அமெரிக்காவில் இந்த இரண்டு அலைவரிசையும் ஓடுகின்றன, ஒரே மொடலே தலைமுறை மாறும்போது மாற்றிக்கொள்ளலாம். அலைவரிசை ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு கொம்பனியும் தகவலை அனுப்புகிற ஒழுங்கு வேறு. அதுவும் ஒத்துவந்தாலும் ஒவ்வொரு சென்சருக்கும் தனி அடையாள எண் உண்டு, அது காரின் மூளையில் பதிந்திருந்தால்தான் ஏற்றுக்கொள்ளும். கடைசியாக பற்றரி. அது உள்ளே பசை ஊற்றி அடைத்தபடி வரும், மாற்ற முடியாது, ஐந்திலிருந்து பத்து வருசம்தான் ஆயுள். என்னுடைய பழையதுகளுக்கு வயது எட்டுக்கு மேல். பாவித்த சில்லு விற்கிறவர்கள் "சென்சரோடு" என்று போட்டு ஐம்பது டொலர் கூடக் கேட்பார்கள், சென்சர் இல்லை என்று நினைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

இனி வாங்கிய சாமான். இரண்டு அலைவரிசையிலும் வேலை செய்கிற, எழுதி மாற்றக்கூடிய வெறும் சென்சர் நாலு, 140 டொலர். அதை எழுதவும் வாசிக்கவும் ஒரு கைக்கருவி, 190 டொலர். கடையில் சென்சர் ஒன்றுக்கு 90 கேட்டார்கள், பூட்டுக்கூலி வேறு. கணக்கை இரண்டு வருசத்துக்குப் போட்டேன், வாங்கிவிட்டேன்.

இந்தச் சென்சரில் எனக்குப் பிடித்தது அதற்குப் புது எண் போடத் தேவையில்லை என்பதுதான். புதுக் காரின் கோடைச் சில்லில் இருக்கிற சென்சரின் எண்ணைக் கருவியால் வாசித்து அதே எண்ணைப் புதியதில் எழுதிவிடலாம். காருக்குச் சில்லு மாறியதே தெரியாது, ஏப்ரலில் திரும்ப மாற்றும்போதும் ஒன்றும் செய்யவேண்டாம். புது எண் போட்டால் ஒவ்வொரு தடவையும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற, காரின் கோளாறு வாசிக்கிற ஓபிடி துளையில் கருவியைச் செருகி நாலு எண்ணையும் திரும்பப் பதியவேண்டும்.

ஆனால் முதல் நாள் சொதப்பிவிட்டேன். கோடைச் சில்லுகள் கராஜ் சுவரோரம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. கருவியை வால்வுக்குக் கிட்டே பிடித்து அமத்தினேன், எண் வந்தது. அடுத்தது, அதுவும் வந்தது. மூன்றாவதில் ஏதோ உதைத்தது: கடைசி மூன்று இலக்கமும் முதலாவதின் அதே மூன்று. கருவி அனுப்புகிற சின்ன அலை தூங்கிக்கொண்டிருக்கிற சென்சரைத் தட்டி எழுப்பும், ஆனால் எதை எழுப்புகிறோம் என்று அதற்குத் தெரியாது, நான் மேலே பிடிக்க கீழே இருந்தவன் எழும்பிப் பதில் சொல்லியிருக்கிறான். பிறகு ஒவ்வொரு சில்லாக வாசலுக்கு உருட்டிக்கொண்டு போய், தனியாக வைத்து வாசித்து, திரும்ப உருட்டி உள்ளே வைத்தேன். மைனஸ் எட்டு. மனிசி ஜன்னலால் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டாள்.

இன்னொரு முறை கருவியில் காரின் வருசத்தைப் பிழையாகத் தெரிவுசெய்து நாலையும் எழுதிவிட்டேன். நல்ல காலம், அழித்து எழுதலாம், நட்டமில்லை. கருவியைப் பற்றி என் முறைப்பாடு இந்த இடத்தில்தான். வருசப் பட்டியலில் எழுத்து சின்னன், கையுறையோடு பொத்தான் அமத்த முடியாது, புதிய மொடல்களை ஏற்றுவதென்றால் விண்டோஸ் கணினியோடு இணைத்தால்தான் முடியும், கூட வந்த வயர் ஒரு முழம்கூட இல்லை. வாசிப்பதில் மட்டும் குறை சொல்ல ஏலாது, ரயர் காற்றையும் வெப்பத்தையும் காட்டும், என் கைமானியோடு ஒப்பிட்டேன், ஒரு பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இல்லை.

சென்சரை உள்ளே வைப்பது வீட்டு வேலை இல்லை. ரயரை ரிம்மிலிருந்து கழற்றவேண்டும், வால்வுக்குக் கிட்டே இயந்திரத்தின் தட்டு அமர்ந்தால் சென்சர் உடையும். வேறொரு கடையில் பலன்சிங்கோடு 100 டொலர் எடுத்தார்கள், அந்த மனிசன் வால்வு எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் செய்தார். அலுமினிய வால்வா ரப்பர் வால்வா என்று கேட்டால் நான் ரப்பர் என்பேன், ஒன்ராறியோவில் வீதிக்குப் போடுகிற உப்புக்கு அலுமினியம் தாங்காது. ஏற்கெனவே அலுமினியம் என்றால் உள்ளே நிக்கல் பூசிய ஊசிதான் போடவேண்டும், பித்தளை ஊசி போட்டால் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். பளபள உலோக மூடியும் அப்படித்தான், பிளாஸ்ரிக் மூடி போதும்.

பூட்டி வெளியே எடுத்து மார்க்கம் வீதியால் ஏறினேன், எக்ளிங்டன் தாண்ட முதல் வெளிச்சம் அணைந்துவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே ஒரு தடவைதான் வந்தது, ஜனவரியில், உண்மையாகவே ஒரு ரயர் 24-இல் இருந்தது.

ஒரு எச்சரிக்கை: எண்ணை இப்படி நகல் எடுத்தவர்கள், கழற்றிய மற்ற நாலு சில்லையும் காருக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓடினால் அவையும் குலுங்கி எழும்பி அதே எண்ணில் பேசக்கூடும், கார் எந்தக் காற்றை நம்புவது என்று தெரியாமல் குழம்பலாம். வீட்டில் கிடந்தால் பயமில்லை.

மனிசியின் கார் சிவிக், அதைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. 2016-க்குப் பிந்திய சிவிக்கில் ரயருக்குள் சென்சரே இல்லை, ஏபிஎஸ் என்கிற பிரேக் அமைப்பு தருகிற சில்லுச் சுழற்சியை வைத்தே காற்றுக் குறைவைக் கணக்குப் பார்க்கிறது. அளவு சரியான எந்தச் சில்லையும் பூட்டலாம், காற்றைச் சரியாக அடித்துவிட்டு மெனுவில் போய்க் காற்று அளவைத் திரும்பப் பதியச் சொன்னால் போதும். எத்தனை பிஎஸ்ஐ என்று மட்டும் காட்டாது. உங்கள் காரும் அந்த வகையா என்று முதலில் பாருங்கள், என்றால் மேலே எழுதிய செலவு ஒன்றும் தேவைப்படாது.

சென்சருக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், கருவிக்கு மூன்றரை. கருவி இப்போது என்னிடம் இல்லை. "ஒரு கிழமைக்குத் தா" என்று மச்சான் கொண்டுபோய் மூன்று மாதம்.