லீடர் முறையா, கூடிப் பேசிய விதிகளா? சின்ன வகுப்புகளுக்கு எது தாங்கும்?

ஜூனில் பள்ளி திறந்ததும் வகுப்பை ஒழுங்குக்குக் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எல்லோரும் பழகியது. விதிகளை ஆசிரியரே சார்ட்டில் எழுதி ஒட்டிவிட்டு ஒரு லீடரைப் போடுவார். பேசுகிறவர்கள் பெயரை லீடர் கரும்பலகையில் எழுதுவார். இன்னொன்று, பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துப் பேசி விதிகளை அவர்களிடமிருந்தே வரவழைத்து, வகுப்பு வேலைகளை வாரா வாரம் மாற்றிக் கொடுப்பது. ஈராசிரியர் பள்ளியில் 1, 2, 3 வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் நான் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

லீடர் முறை ஒரே நாளில் அமலுக்கு வந்துவிடும். அதிகாரி வந்தாலும் வகுப்பு அமைதியாகத் தெரியும். கூடிப் பேசும் வழிக்கு ஜூன் மாதத்தில் பெரும்பகுதி போய்விடும், சத்தமும் கூடுதல். வேகம்தான் முக்கியம் என்றால் முதலாவதுதான்.

ஆனால் நான் பார்த்தது வேறு: ஆசிரியரின் கண் அங்கே இல்லாதபோது எது தாங்குகிறது? எங்களுக்கு அது தினமும் வரும் நிலைமை. எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் இணையதளம்) பதிவு இருக்கும், பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள், ஒருவர் லீவு போட்டால் மற்றவருக்கு ஐந்து வகுப்பும். வகுப்பிலேயே இருந்தாலும் அப்படித்தான். சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வரவைக்க 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிள்ளைகளைக் குழுவாகப் பிரிக்கிறோம். அரும்போடு நான் தரையில் உட்கார்ந்தால் மற்ற இரண்டு குழுவும் தானாக நடந்தாக வேண்டும்.

லீடர் முறை இங்கேதான் ஆட்டம் காண்கிறது. பலகையில் பெயர் ஏறிவிட்ட பிள்ளைக்கு அதற்கு மேல் அமைதியாக இருக்க ஒரு காரணமும் இல்லை. பெயரை அழிக்க ஒரு பென்சில் துண்டு, இல்லை ஒரு புளியங்காய் கைமாறும். எழுதுகிற பிள்ளைக்கும் அந்த நேரம் படிப்பு கிடையாது. ஆசிரியர் திரும்பி வந்ததும் முதல் பத்து நிமிடம் விசாரணையிலேயே போய்விடும்.

கூடிப் பேசிய விதி எப்படித் தாங்குகிறது என்பதற்கு எங்கள் குழாயடியைச் சொல்லலாம். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. அதிலிருந்து எங்கள் நாளின் முதல் சண்டை தட்டு கழுவும் இடத்தில்தான். இருப்பது இரண்டு குழாய். வட்டத்தில் பேசியபோது, "ஒண்ணாப்பு பிள்ளைங்க முதல்ல கழுவட்டும் டீச்சர்" என்றாள் ஒரு மூன்றாம் வகுப்புப் பெண். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சின்னவர்களோ தண்ணீரில் விளையாடிக்கொண்டே நின்றார்கள், வரிசை நகரவில்லை. அப்புறம் மறுபடியும் உட்கார்ந்து பேசினார்கள்: மூன்றாம் வகுப்பில் ஒருவர் குழாய் பக்கத்தில் நிற்க வேண்டும், வாரத்துக்கு ஒரு ஆள். இப்போது நான் அங்கே போவதே இல்லை. நடுவில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் அந்த முறையைப் பிள்ளைகளே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். காலாண்டு விடுமுறை முடிந்து வரும்போது எந்த முறையானாலும் கொஞ்சம் தளரத்தான் செய்யும். ஆனால் இவர்களுக்கு ஒரு தடவை வட்டம் போட்டால் போதும், காரணம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

இது ஒன்றும் நமக்குப் புதிதல்ல. 2007-08இல் தமிழ்நாடு முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் (அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாங்களே செய்து படிக்கும் முறை) பிள்ளைகளே வருகையைக் குறித்தார்கள், காலநிலை அட்டவணையை நிரப்பினார்கள். அந்த இரண்டையும் நான் விடவில்லை. காலையில் வந்ததும் செய்ய ஒரு வேலை இருந்தாலே பாதி சத்தம் அடங்கிவிடும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தண்டனையைப் பிள்ளைகளிடமே விட்டால், "பேசினா முட்டி போடணும்" என்றுதான் முதலில் வரும். அடி, முட்டி போடுதல், அவமானப்படுத்துதல் எதற்கும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் இடமில்லை. "சரி, முட்டி போட்டா கொட்டின தண்ணி காயுமா?" என்று கேட்டால் போதும், துடைக்கிற துணிக்குப் பேச்சு வந்துவிடும். கேட்டைத் தாண்டக் கூடாது, தனியாகக் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்பதெல்லாம் பேச்சுக்கே வராது. அவை நான் சொல்வதுதான்.

தொடக்க வகுப்புக்கு ஆசிரியர் ஒருவருக்கு 30 பிள்ளைகள் என்பது சட்டக் கணக்கு. என் வகுப்பு அதற்கும் கீழே. நகரத்தில் ஐம்பது பேரை ஒரே அறையில் வைத்திருப்பவருக்கு வட்டம் போட இடமே இருக்காது; அங்கே லீடர் இல்லாமல் முடியுமா என்று உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. ஒன்றாம் வகுப்பு மட்டும் தனியாக இருந்தால் முதல் பருவம் முழுக்க ஆசிரியரே வழி காட்ட வேண்டியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். என் வகுப்பில் அந்த வேலையில் பாதியைப் பெரிய பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள்.

செய்து பார்க்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் பத்து விதி எழுத வேண்டாம். உங்கள் பள்ளியில் தினமும் சண்டை நடக்கும் ஒரு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குழாயடியோ, செருப்பு விடும் இடமோ, கழிப்பறை வரிசையோ, ஏதாவது ஒன்று. அது பிடிபட்ட பிறகு அடுத்ததற்குப் போகலாம்.