நான்கு வருஷம் படித்த நர்சிங் கல்லூரி: கொண்டைக்கு ஃபைன் உண்டு, லாக் புக்கைப் பார்க்க ஆள் இல்லை

தென் மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் எட்டு செமஸ்டரும் முடித்து, சென்னையில் இருக்கிற தமிழ்நாடு நர்ஸ் கவுன்சிலில் நர்ஸாகப் பதிவும் வாங்கி, இப்போது ஒரு மெடிக்கல் வார்டில் வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் அவர்கள் அம்மாக்களும் "அந்தக் காலேஜ் ரொம்ப ஸ்ட்ரிக்டாமே, சேர்க்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். ஜூனியர்கள் இன்னும் அங்கே படிக்கிறார்கள், அதனால் பெயர் வேண்டாம். ஸ்ட்ரிக்ட்தான், ஆனால் எங்கே பிடிக்க வேண்டுமோ அங்கே பிடி இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராகிங் சுத்தமாக இல்லை. தமிழ்நாட்டில் 1997-லேயே இதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது என்பதைச் சேர்ந்த முதல் நாளே பெற்றோரையும் உட்கார வைத்துச் சொன்னார்கள், சொன்னபடி நடக்கவும் செய்தார்கள். சீனியர் அக்காமார்கள் நோட்ஸும் பழைய கேள்வித்தாளும் கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். ஹாஸ்டல் சாப்பாடு சுமார், லைப்ரரி பரவாயில்லை.

இரண்டாம் வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் ஆண்கள் மெடிக்கல் வார்டு போஸ்டிங், அதாவது வார்டில் நேரடிப் பயிற்சி. காலையில் எட்டு பேருக்கு வைட்டல்ஸ் எடுத்து டிபிஆர் சார்ட்டில் (உடல் சூடு, நாடி, மூச்சு எழுதுகிற தாள்) போட்டேன். டெம்பரேச்சர், பல்ஸ், பிபி எல்லாம் ஒழுங்காகப் பார்த்தேன். மூச்சை மட்டும் எண்ணவில்லை, எட்டு பேருக்கும் நிமிஷத்துக்கு 20 என்று எழுதிவிட்டேன். எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம், நர்சிங் படித்த யாரைக் கேட்டாலும் தெரியும். எங்கள் கிளினிக்கல் மேடம் சார்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, திட்டாமல், "வா" என்று மூன்றாவது கட்டிலுக்குக் கூட்டிப் போனார். வயிற்று வலி என்று சேர்ந்திருந்த ஒரு தாத்தா. நாடி பிடிக்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை மட்டும் பார், மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் ஆட்கள் மூச்சை மாற்றிவிடுவார்கள், அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்காதே, முழு நிமிஷம் எண்ணு என்றார். எண்ணினேன். 34. திரும்ப எண்ணச் சொன்னார், மறுபடியும் 34. விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் 88 சதவீதம்தான். மேடம் வார்டு சிஸ்டரைக் கூப்பிட, சிஸ்டர் டியூட்டி டாக்டரைக் கூப்பிட, எக்ஸ்ரேயில் நிமோனியா என்று தெரிந்தது. தாத்தா பத்து நாளில் நல்லபடியாக வீடு போனார், அதுவரை தினமும் அவரைப் போய்ப் பார்த்தேன்.

மேடம் எனக்கு ஃபைன் போடவில்லை. நான் எழுதிய எட்டு 20-ஐயும் ஒயிட்னர் தொடாமல் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, எட்டு பேருக்கும் மறுபடி எண்ணி நேரத்தோடு எழுத வைத்தார். அப்புறம் நடந்ததை அப்படியே ஒரு தாளில் என் கையால் எழுதித் தரச் சொன்னார். அன்றிலிருந்து இன்றுவரை நான் எண்ணாமல் ஒரு மூச்சும் எழுதியதில்லை.

இதே கல்லூரியில்தான் கொண்டை வலை போடாவிட்டால் 100 ரூபாய், ஆண் பிள்ளைகளோடு நின்று பேசினால் 500 ரூபாய். நகம் வெட்டு, மோதிரம் போடாதே, முடியைக் கட்டு என்பதெல்லாம் நோயாளிக்கு இன்ஃபெக்ஷன் போகாமல் இருக்கத்தான், அதை ஒரு தடவை விளக்கிச் சொன்னால் பிள்ளைகள் தானாகச் செய்வார்கள், யாரும் சொல்லவில்லை. ஆண் பிள்ளைகளோடு பேசுவதற்கும் நோயாளிக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. ஆனால் எங்கள் பேட்சில் ஒருவன் வார்டில் ரீல் எடுத்துப் போட்டான், பின்னால் படுத்திருந்த நோயாளி அம்மாவின் முகம் தெளிவாகத் தெரிந்தது, அவனுக்குக் கிடைத்தது ஒரு வாரம் சஸ்பென்ஷன் மட்டும். அந்த அம்மாவிடம் போய் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

லாக் புக் விஷயம்தான் பெரிய குறை. பார்த்தது எது, கூட நின்று உதவியது எது, தானே செய்தது எது என்று தனித்தனியாக எழுத வேண்டிய புத்தகம் அது. அந்த மேடம் வேறு வேலைக்குப் போன பிறகு, செமஸ்டர் கடைசியில் ஒரே மத்தியானத்தில் மொத்த வகுப்புக்கும் வரிசையாகக் கையெழுத்து விழுந்தது. நான் பார்க்க மட்டுமே செய்த கதீட்டர் (சிறுநீர் வெளியேற வைக்கிற குழாய்) என் புத்தகத்தில் "செய்தது" என்று ஏறிவிட்டது. எட்டாவது செமஸ்டர் இன்டர்ன்ஷிப், 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஒரு நைட் டியூட்டியில் சிஸ்டர் கதீட்டர் ட்ரேயை என் கையில் கொடுத்து, "நீதான் போட்டிருக்கியே, போய்ப் போடும்மா" என்றார். நோயாளி காத்திருக்கிறார், என் கை நடுங்குகிறது. "இல்ல சிஸ்டர், நான் போட்டதே இல்ல" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். சொல்லாமல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அட்டெண்டன்ஸுக்கு வருகிறேன். பரீட்சை எழுத 80 சதவீதம் போதும், ஆனால் டிகிரி வாங்குமுன் கிளினிக்கல் போஸ்டிங் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும், இது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. அம்மை போட்டு விட்டுப்போன பதினான்கு நாளை நான் டிசம்பர் லீவில் ஈடுகட்டினேன். அப்போது அழுதேன், இப்போது அது சரி என்றே படுகிறது. பணம் கட்டி நாளைச் சரிக்கட்டியவர்களும் இருந்தார்கள், அது எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லை.

மொத்தத்தில் 5-க்கு 2.5 தருவேன். பார்க்கப் போகிறவர்கள் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து பிராஸ்பெக்டஸைப் படித்துவிட்டுத் திரும்பாதீர்கள். காலை எட்டு மணிக்கு அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் போஸ்டிங்கில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய், கூட ட்யூட்டர் நிற்கிறாரா, பத்து பேருக்கு ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். மூன்றாம் வருஷப் பிள்ளை யாரையாவது பிடித்து லாக் புக்கில் எப்போது கையெழுத்து வாங்குகிறாய் என்று கேளுங்கள். "அன்னன்னிக்கே" என்று சொன்னால் தைரியமாகச் சேருங்கள். அப்புறம் ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், சரிபார்த்ததும் கையோடு திருப்பி வாங்குங்கள். பாதியில் நின்ற என் தோழி தன் சர்டிஃபிகேட்டைத் திரும்ப வாங்க ஆறு மாசம் அலைந்தாள்.