வலது கண்ணில் மட்டும் தாமதமாகத் தெளிந்த பைனாகுலர்

எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்பு லென்ஸ், விலை இரண்டு லட்சத்துக்கு மேல். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நான்கு வருடமாகப் பயன்படுத்துகிறேன், லென்ஸ்களில் ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கரணையில் பொழுது சாய்ந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகும் நீலத் தாழைக்கோழியின் நெற்றிச் சிவப்பு இதில் தெரியும்.

கோளாறு உள்ளே இருக்கும் ஃபோகஸ் பொறியில். ஜனவரியில் கோடியக்கரை உப்பளத்து ஓரம் கொசு உள்ளான் கூட்டத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிட்டுக்குருவி அளவுகூட இல்லாத பறவை, அலகு நேராக இருக்கிறதா, நுனி வளைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். இடது கண்ணில் அலகு கூர்மையாக வந்துவிட்டது, வலது கண்ணில் இன்னும் பஞ்சு மாதிரி. இரண்டு கண்ணின் பார்வை வித்தியாசத்தை ஈடுகட்டும் வளையமான டயாப்டரைத் திருப்பிச் சரிசெய்தேன், பத்து நிமிடத்தில் மறுபடியும் அப்படியே. என் கண்தான் கெட்டுவிட்டதோ என்று பயந்து மருத்துவரிடம் போனேன், பவர் மாறவில்லை என்றார். அதிலேயே ஒரு மாதம் போய்விட்டது.

இந்த வகை பைனாகுலரில் நடுச்சக்கரத்தைத் திருப்பினால் வெளியே எதுவும் நீளாது, இரண்டு குழலுக்குள்ளும் ஒரு சின்ன லென்ஸ் முன்பின் நகரும். இரண்டையும் சக்கரத்தோடு இணைக்கும் தண்டில் தேய்மானமோ தளர்வோ வந்தால் ஒரு பக்கம் பின்தங்கிவிடும், பார்ப்பதற்கு டயாப்டர் நழுவியது போலவே இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நான் எதிர்த்தெரு தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்த எழுத்துகளை வைத்துப் பார்த்தேன். பைனாகுலரைச் சுவரில் அசையாமல் சாய்த்து, இடது முகப்பை மூடிக்கொண்டு சக்கரத்தை வலமாகத் திருப்பி எழுத்து தெளிந்த இடத்தில் சக்கரத்தின் மேல் பென்சிலால் ஒரு கோடு. அப்புறம் தாண்டிப் போய் இடமாகத் திரும்பி வந்து இன்னொரு கோடு. மூடாத குழலில் இரண்டு கோடும் கிட்டத்தட்ட ஒன்றாக விழ வேண்டும். வலது முகப்பை மூடிப் பார்த்தபோது இடது குழலில் அப்படித்தான் விழுந்தது, வலது குழலில் நடுவில் ஒரு விரல் அகலம்!

தயவுசெய்து பக்கத்து கேமரா கடையில் திறக்கக் கொடுக்காதீர்கள். உள்ளே உலர்ந்த நைட்ரஜன் அடைத்து ரப்பர் வளையங்களால் மூடியிருக்கிறார்கள். திறந்தவர் திரும்ப வாயு நிரப்பி, இரண்டு குழலும் ஒரே திசையைப் பார்க்கிறதா என்று அதற்கான கருவியில் சரிபார்க்காவிட்டால், சென்னை ஈரத்தில் உள்ளே பனி படியும், பிறகு பூஞ்சை, கூடவே இரட்டைப் பிம்பமும் தலைவலியும்.

நிறுவனத்துக்கே அனுப்பினேன். அவர்கள் சேவையைப் பற்றிச் சொன்னால், வேலை அருமை, பதில்தான் மோசம். முதல் கடிதத்துக்கு 'டயாப்டரைச் சரியாக வையுங்கள்' என்று வந்தது. கண் வைத்துப் பார்க்கும் பக்கத்தில் கைபேசியை வைத்து இரண்டு குழலையும் தனித்தனியாக வீடியோ எடுத்து அனுப்பிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். போய் வர பதினொரு வாரம், வலசைப் பருவத்தின் மிச்சம் முழுவதும் அதிலேயே கழிந்தது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. உத்தரவாதத்தில் இருந்ததால் காசு வாங்கவில்லை, ஃபோகஸ் பொறியை முழுதாகவே மாற்றியிருந்தார்கள். வாங்குவதற்கு முன்பே பழுது எங்கே பார்ப்பார்கள், அனுப்பும் செலவு யாருடையது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சக்கரம் முன்பைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது. தொட்டியின் எழுத்துகள் இரண்டு கண்ணிலும் ஒன்றாகவே தெளிகின்றன. மூன்று மாதமாகிறது, டயாப்டரைத் தொடவே இல்லை.