980-ஆ, 808-ஆ: செல்களைப் பிரிக்க எந்த லேசர்?

ஒட்டிக்கொண்ட இரண்டு செல்களை வேண்டும்போது ஒளியால் பிரிப்பது எங்கள் வேலை. ஒரு செல்லின் மேல் ஒளி பட்டால் வடிவம் மாறும் அசோபென்சீன் மூலக்கூறு, மற்றதன் மேல் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரை வளையம். நிமிர்ந்திருக்கும்வரை அசோபென்சீன் வளையத்துக்குள் பொருந்தி நிற்கும்; புறஊதா பட்டால் மடங்கி வெளியே வந்துவிடும். புறஊதாவை நேராகப் பாய்ச்சினால் செல்லுக்குக் கேடு. அதனால்தான் அகச்சிவப்பை வாங்கிப் புறஊதாவாகத் தரும், தூலியம் என்ற உலோகம் கலந்த நானோ துகள்களைச் செல்லில் ஒட்டுகிறோம். தங்க நானோ தண்டுகள் ஒளியைச் சூடாக மாற்றுபவை. இங்கே சூடுதான் பகை, ஆகவே அவற்றை விட்டுவிட்டோம்.

980, 808 இரண்டும் அகச்சிவப்பு லேசரின் அலைநீளங்கள், நானோமீட்டரில். 980-ஐத் துகளில் உள்ள இட்டர்பியம் என்ற இன்னொரு உலோகம் நேராக விழுங்கித் தூலியத்துக்குக் கொடுக்கும். தயாரிப்பு எளிது, பிரகாசமும் அதிகம். 808-ஐ விழுங்கி இட்டர்பியத்துக்குக் கொடுக்க நியோடிமியம் என்ற மூன்றாவது உலோகம் வேண்டும். அதைத் தூலியத்தோடு துகளின் ஒரே கருவில் நிறையக் கலந்தால் கிடைத்த ஆற்றலைத் திரும்பப் பறித்துக்கொள்ளும். எனவே வெளியடுக்கில் வைக்க வேண்டும். அந்த அடுக்கை ஏற்ற, ஒலியிக் அமிலத்தில் 300 டிகிரி செல்சியஸில் இன்னொரு சமையல்.

சோம்பலில் 980-ஐத்தான் முதலில் எடுத்தேன். கொத்துக்கொத்தாக இருந்த செல்கள் பிரிந்தன, மகிழ்ந்தோம். மறுநாள் துகளே போடாத தட்டில் அதே லேசரை அடித்தேன். அங்கேயும் செல்கள் உருண்டு தளர்ந்தன. மூடியின் உட்புறம் நீர்த்துளிகள் பூத்திருந்தன. வெப்பமானியை நுழைத்தால் கடுங்காய்ச்சல் கண்ட உடம்பின் சூடு. எங்கள் துகள் செய்த வேலை எவ்வளவு, வெந்நீர் செய்தது எவ்வளவு?

செல்கள் வளரும் திரவமான வளர்ப்பூடகம் பெரும்பாலும் தண்ணீர். 808-ஐவிட 980-ஐத் தண்ணீர் ஏறத்தாழ இருபது மடங்கு அதிகமாக உறிஞ்சும். 980-ஐ இடைவெளி விட்டு அடித்தும் பார்த்தோம்; சூடு குறைந்தது, பிரிவதும் மந்தமானது. 808-க்கு மாறியபின் துகளில்லாத தட்டு அசையவில்லை, துகளுள்ள தட்டு மட்டும் பிரிந்தது. அந்த ஒரு வித்தியாசத்துக்காக இரண்டாம் சமையலைப் பொறுத்துக்கொள்கிறேன்.

ஆனால் 808 எல்லாவற்றையும் தீர்க்காது. தூலியம் புறஊதாவோடு நீலத்தையும் உமிழ்கிறது. நீலம் மடங்கிய அசோபென்சீனை மீண்டும் நிமிர்த்தும். எந்த லேசரானாலும் இந்த இழுபறி உண்டு. நான் பார்த்ததெல்லாம் தட்டில் வளர்த்த செல்கள்தான், அதுவும் சில மணி நேரம். எலியின் திசுவுக்குள் இதே கணக்கு நிற்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

980 லேசரைத் தூக்கி எறியவில்லை. 808 துகளிலும் நடுவே இட்டர்பியம் இருப்பதால், புதுத் தயாரிப்பு ஒளிர்கிறதா என்று சைக்ளோஹெக்ஸேன் என்ற கரைப்பான் உள்ள குப்பியில் பார்க்க அதுவே போதும். குப்பியில் தண்ணீர் இல்லை.