தேசிய அருங்காட்சியகம், ஜன்பத்: ஆறாம் வகுப்போடு ஒரு காலை

பதினேழு வருஷமாக டெல்லியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். நை சடக் புத்தகக் கடைத்தெருவில் வாங்கி வகுப்பில் மாட்டிய எந்த சார்ட்டும் இங்குள்ள ஹரப்பா அரங்குக்கு ஈடாகாது.

‘நடன மங்கை’ வெண்கலச் சிலை 1926-இல் மொகஞ்சதாரோவில் கிடைத்தது. உயரம் 10.5 செ.மீ.தான். புத்தகத்தில் பெரிதாகப் பார்த்த பிள்ளைகள், “இவ்வளவுதானா மிஸ்?” என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார்கள். இடது கை நிறைய வளையல். இடுப்பில் ஊன்றிய வலது கையில் நான்கே நான்கு. “இவ ஆடலையே, சும்மா நிக்கிறா. நடனம்னு யார் முடிவு பண்ணாங்க?” என்றாள் ஒருத்தி. இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன்! நோட்டில் நடுவே கோடு போட்டு, கண்ணால் பார்த்தது ஒரு பக்கம், நாமாக ஊகித்தது மறுபக்கம் என்று எல்லாரும் எழுதினோம்.

அப்புறம், திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மற்ற நாளில் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள்.