120 ரூபாய் "பரிமாண வளர்ச்சி" சார்ட்: வாங்கலாமா, வேண்டாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அந்த இரண்டும் காகிதத்துக்கும் லேமினேஷனுக்கும்தான்.

சேலத்தில் முதல் அக்ரஹாரத் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஸ்டேஷனரி கடையில் வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம், அச்சடித்தவர் பெயரும் வேண்டாம். மகள் பத்தாவது படிக்கிறாள். மாநிலப் பாடத்தில் பரிணாமம் தனிப் பாடமாகவே இருக்கிறது (மத்தியப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள் என்று 2023ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதினார்களே, அந்தப் பாடம்தான்). அதற்கு ஒரு புராஜெக்ட், புராஜெக்டுக்கு ஒரு சார்ட். 75 சென்டிமீட்டர் அகலம், கெட்டித் தாள், மேலே கீழே பிளாஸ்டிக் பட்டை, மாட்டக் கயிறு. இந்த வகையில் குறையே சொல்ல முடியாது, தண்ணீர் பட்டாலும் துடைத்துவிடலாம்.

வீட்டுக்கு வந்து விரித்தால் தலைப்பே தப்பு. "மனிதனின் பரிமாண வளர்ச்சி". பரிமாணம் என்றால் நீளம் அகலம் உயரம் சமாச்சாரம், இது பரிணாமம். சரி, இந்தப் பிழை மேடைப் பேச்சாளர்களுக்கே வருகிறது, விட்டுவிடலாம். எனக்கு உறுத்துவது அந்தப் பக்கத்துச் சொல், "வளர்ச்சி". இலங்கைத் தமிழர்கள் கூர்ப்பு என்கிறார்கள், நாம் எப்படியோ வளர்ச்சியைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டோம். ஒட்டியதும் என்ன ஆகிறது, குரங்கு வளர்ந்து மனிதன் ஆனது, அப்படியானால் மிச்சக் குரங்கெல்லாம் ஏன் வளரவில்லை என்ற கேள்வி தானாக வந்துவிடுகிறது. சார்ட்டில் இருப்பதும் அதேதான். இடது ஓரத்தில் குனிந்த குரங்கு, அப்புறம் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒருவர் பின்னால் ஒருவர், ஒவ்வொருவருக்கும் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, கடைசியில் ஈட்டியோடு ஒரு வெள்ளைக்காரர். மகள் பார்த்ததும் கேட்ட கேள்வி, "ஏப்பா, இத்தனை பேர்ல ஒரு பொம்பளைகூட இல்லையா?" இல்லை, ஏழு பேரும் ஆண்கள். எப்படிப் பெருகினார்களோ.

வரிசையில் இரண்டாவது ஆள் ராமாபித்திகஸ். வாங்கும்போதே கடைக்காரர் அதைக் காட்டி, "பாருங்க சார், சைன்ஸ்லயே ராமர் பேரு இருக்கு" என்றார். பெயர் உண்மைதான். 1930களில் சிவாலிக் மலையில் கிடைத்த தாடைக்கு வைத்த பெயர் அது. ரொம்ப நாள் அதை மனிதனுடைய மூதாதை என்று பாடப்புத்தகங்கள் எல்லாம் சொன்னன. ஆனால் கூடுதலாக எலும்புகள் கிடைத்த பிறகு, 1980கள் வாக்கிலேயே, அது சிவாபித்திகஸ் என்ற இன்னொன்றோடு சேர்ந்தது, உராங்குட்டானுக்குத்தான் சொந்தம் என்று முடிவாகிவிட்டது. ராமர் பெயரைச் சிவன் பெயருக்குள் கரைத்துவிட்டார்கள், சைவ வைணவச் சண்டை ஒன்றும் வரவில்லை. சார்ட்டில் மட்டும் அவர் நாற்பது வருஷமாக வரிசையில் நிற்கிறார். நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனமும் அப்படித்தான், நமக்கு முந்தின படியில் நிறுத்தியிருக்கிறார்கள். அவர் நமக்கு அப்பன் பாட்டன் இல்லை, பங்காளி. நாம் இருந்த காலத்திலேயே அவரும் இருந்தார், கலப்பும் நடந்தது, 2010ல் மரபணுவைப் படித்தபோது தெரிந்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களிடம், நம்மையும் சேர்த்து, ஒன்றிரண்டு சதவீதம் அவருடையது. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஸ்வாந்தே பேபோவுக்கு 2022ல் நோபல் கிடைத்தது.

இனி வீட்டுக்குள் நடந்த கதை. மாமியார் தினமும் விளக்கேற்றிச் சிவபுராணம் சொல்கிறவர். சார்ட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இதைத்தானே கண்ணு மாணிக்கவாசகர் புல்லாகிப் பூடாய்னு அன்னைக்கே பாடிட்டாரு" என்றார். மகளுக்கு ஒரே சந்தோஷம், அம்மாயி சொன்னதையும் புராஜெக்டில் எழுதிவிடுகிறேன் என்றாள். நான்தான் நடுவில் புகுந்து, அந்த வரிசையை முழுசாகச் சொல்லுங்கள் அத்தை என்றேன். சொன்னார். பறவைக்கு அப்புறம் பாம்பு வருகிறது, பாம்புக்கு அப்புறம் கல், மனிதனுக்கு அப்புறம் பேய். அத்தை ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அவரு பிறந்து இளைச்சுப் போன கதையை அழுது பாடறாரு, நீ பரீட்சைப் பேப்பர் மாதிரி திருத்தறியே" என்றார். எனக்குச் சரியான அடி. ஆனால் நான் சொல்ல வந்ததும் அதுதான். அது ஓர் உயிர் பல பிறவி எடுத்துக் களைத்து இறைவனிடம் முறையிடுகிற பாட்டு. இது, எந்த ஓர் உயிரும் மாறாமல், தலைமுறை தலைமுறையாகக் கூட்டம் மாறுகிற சங்கதி. ஒன்றை இன்னொன்றுக்குச் சாட்சியாகக் கூப்பிட்டால் இரண்டுமே கெட்டுவிடும்.

இதே கடையில் பக்கத்து ஆணியில் தசாவதார சார்ட்டும் தொங்குகிறது, 100 ரூபாய். மீன், ஆமை, பன்றி என்று போவதால் இதுவும் பரிணாமம்தான் என்று சிலர் இரண்டையும் சேர்த்து வாங்குகிறார்களாம். எனக்கு அந்தச் சார்ட் பிடித்திருந்தது, அச்சு இதைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் பரசுராமரும் ராமரும் நேருக்கு நேர் சந்தித்து வில்லை வாங்கி நாணேற்றிய கதை நமக்கெல்லாம் தெரியும். அங்கேயும் ஒருவர் போன பிறகு ஒருவர் என்ற ரேஷன் கடை வரிசை கிடையாது.

"குரங்கு மனுஷனா மாறினதை யார் பார்த்தாங்க" என்று டீக்கடையில் கேட்டால் பரவாயில்லை, 2018ல் மத்திய இணையமைச்சர் ஒருவரே அப்படிக் கேட்டார். பார்க்க வேண்டியதில்லை. போன ஞாயிறு ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவில் ஏதோ ஒன்றில் வண்டியை நிறுத்தியதும் ஒரு குரங்கு வந்து மகள் கையிலிருந்த ஆரஞ்சைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சுவரில் உட்கார்ந்து உரித்தது. அதற்கும் வேண்டும், நமக்கும் வேண்டும். ஆடு, நாய் எல்லாம் வைட்டமின் சி தன் உடம்பிலேயே செய்துகொள்ளும். நமக்கு முடியாது, செய்கிற மரபணு நம் உடம்பில் உடைந்துபோய்க் கிடக்கிறது, ஓடாத அம்பாசிடரைக் கொல்லையில் போட்டு வைத்த மாதிரி. குரங்குக்கும் அதே மரபணு உடைந்துதான் கிடக்கிறது. இரண்டு வீட்டுக் கொல்லையிலும் ஒரே வண்டி ஏன் கிடக்கும்? ஒரு தாத்தா சொத்து. நாமும் அந்தக் குரங்கும் பிரிந்து இரண்டரை, மூன்று கோடி ஆண்டு ஆகிறது. அதற்கு ரொம்ப முன்னாலேயே அது உடைந்துவிட்டது. சார்ட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

மேலே சேர்வராயன் குகைக் கோயிலில் குனிந்து போய்க் கும்பிட்டோம். அத்தை திருநீறு பூசிவிட்டார். வெளியே வந்து மகள் பாறையைத் தட்டி, இது எவ்வளவு பழசு என்றாள். இந்த மலையின் சார்னகைட் பாறைக்குச் சுமார் 250 கோடி வயது. சார்ட்டின் அடியில் ஒரு கால அளவுகோல் போட்டிருக்கிறார்களே, லட்சத்துக்கும் கோடிக்கும் ஒரே இடைவெளி விட்டு, அதை ஒழுங்காக வரைந்து இந்தப் பாறையின் வயதை 75 சென்டிமீட்டரில் அடக்கினால், மனிதனுடைய மூன்று லட்சம் ஆண்டு ஒரு தலைமுடி தடிமனுக்கு வரும். வண்டி மலை இறங்கும்வரை மகள் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

பள்ளியில் பயாலஜி மிஸ் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகிறவர். அவரிடம் இதைக் கேட்டேன், உங்களுக்குச் சிக்கல் இல்லையா என்று. "மரபியலுக்கு அஸ்திவாரம் போட்ட மெண்டல் யாருங்க சார், மடத்துல இருந்த துறவிதானே" என்றார். 1996ல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோளுக்கு மேலானது என்று சொன்னதையும் அவர்தான் சொன்னார். அவருடைய தெருவிலேயே இன்னொரு சபைக்காரர்கள் இதை ஒத்துக்கொள்வதில்லையாம், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இவர் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், மார்க் மட்டும் நன்றாக வாங்குகிறார்களாம்.

சார்ட்டை மாற்றப் போனேன். லேமினேஷன் போட்டதைத் திரும்ப எடுப்பதில்லை என்றார் கடைக்காரர். தலைப்புப் பிழையைக் காட்டியதும் பாவம், வெட்கப்பட்டு, மிச்சமிருந்த ஆறு சார்ட்டிலும் பர்மனென்ட் மார்க்கரால் அங்கேயே திருத்தினார். அப்படியே அந்த இரண்டாவது ஆளையும் அடித்துவிடுங்கள் அண்ணே என்றேன்.

"அதை மட்டும் விட்டுருங்க சார்," என்றார், "அந்தப் பேரைப் பார்த்துத்தான் நாலு பேர் இதை வாங்கறாங்க."