மதுரை – போடி ரயில்: வண்டி அருமை, நேரம்தான் இடிக்கிறது

பிறந்த வீடு போடி, வாக்கப்பட்டது மதுரை. அதனால் இந்த வண்டியைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் ஆண்டிபட்டி கணவாய் வருவதற்குள் சின்னவளுக்கு வாந்தி வந்துவிடும். ரயிலில் அந்தத் தொல்லை இல்லை. முன்பதிவும் வேண்டாம். கணவாயில் பாறையை வெட்டிய இடத்தில் வண்டி நுழையும்போது பிள்ளைகள் இரண்டும் ஜன்னலை விட்டு நகராது.

ஆனால் ராசியில்லாத தடம் இது. 1928 நவம்பரில் மீட்டர் கேஜ் பாதையாக வந்தது. 1942-ல் உலகப் போர் என்று சொல்லித் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். மறுபடி ரயில் ஓட 1954 ஆனது. அப்புறம் 2010 முடிவில் அகலப் பாதை வேலைக்காக நிறுத்தினார்கள். தேனிக்கு 2022 மே மாதமும், எங்கள் ஊருக்கு 2023 ஜூன் மாதமும்தான் திரும்பி வந்தது. கூட்டிப் பார்த்தால் கால்வாசிக் காலம் ரயிலே இல்லை!

போடிக்கு ஏன் ரயில் என்று கேட்பவர்கள் மலையைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் மூணாறு தேயிலை குட்டி ரயிலில் மலை மேலே இருக்கும் டாப் ஸ்டேஷன் வந்து, ரோப்வேயில் அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடி வரும். 1924 வெள்ளம் அந்தக் குட்டி ரயிலை அடித்துக்கொண்டு போனது. நாலு வருடம் கழித்துக் கீழே எங்களுக்கு ரயில் வந்தது. ஏலக்காய் ஏலம் இன்றைக்கும் போடியில் நடக்கிறது. ஆனால் இந்த வண்டியில் என் கண்ணில் பட்ட ஏலக்காயெல்லாம் என்னைப் போன்றவர்களின் கைப்பையில் இருந்ததுதான்.

குறைக்கு வருகிறேன். நான் போய்வரும் இந்த வண்டி காலையில் மதுரையில் கிளம்பி, சாயங்காலம் போடியிலிருந்து திரும்புகிறது. அம்மா வீட்டுக்குப் போகிற எனக்குச் சரி. ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் காலையில் மதுரை வர வேண்டிய போடிக்காரர்களுக்கு இதனால் என்ன பிரயோசனம்? கண் ஆபரேஷனுக்கு அம்மா பஸ்ஸில்தான் வந்தார். வாரம் மூன்று நாள் ஓடும் சென்னை வண்டியும் ராத்திரிதான் கிளம்புகிறது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். விடிகாலையில் போடியிலிருந்து ஒரு வண்டி விடட்டும், மிச்சத்தையும் போட்டுவிடலாம்.